ரத்தத்தைக் கழுவினால் மருந்து போய்விடுமா?

அளவுக்கு மீறி மாத்திரை சாப்பிட்டுவிட்ட ஒருவர் ஐ.சி.யூ.வுக்குள் இருக்கிறார். கதவுக்கு வெளியே நிற்கும் அண்ணனோ அப்பாவோ எங்களிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: “டயாலிசிஸ் பண்ணிடலாமா டாக்டர்? ரத்தத்தையே சுத்தம் பண்ணிட்டா சரியாப் போயிடும்ல?”

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மருந்து ரத்தத்தில் கலந்துவிட்டது. ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் இயந்திரம் இன்று மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறது. பிறகு என்ன தயக்கம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சிலருக்கு நடுராத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியனை வீட்டிலிருந்து வரவழைத்து இயந்திரத்தை ஓட்டுகிறோம். வேறு சிலருக்கு, குடும்பமே கெஞ்சினாலும், “வேண்டாம், அதனால் பயன் இல்லை” என்கிறோம். முதல் பதிலைக் கேட்டவர்கள் ‘காசுக்காகச் செய்கிறார்களோ’ என்று யோசிப்பதும், இரண்டாவதைக் கேட்டவர்கள் ‘கைவிட்டுவிட்டார்களோ’ என்று நொறுங்கிப்போவதும் அடிக்கடி நடக்கிறது. இரண்டு பதில்களும் ஒரே கணக்கிலிருந்து வருபவை. அந்தக் கணக்கு ஒன்றும் ரகசியமில்லை. பள்ளிக்கூடப் பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கான கருவி என்றே டயாலிசிஸை நாம் அறிந்திருக்கிறோம். ஆனால் அந்தக் கருவியின் மூதாதை வெளியே எடுத்துக் காட்டியவற்றில் ஒரு மருந்தும் உண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஜேக்கப் ஏபல், லியோனார்ட் ரவுன்ட்ரீ, பெஞ்சமின் டர்னர் ஆகிய மூவர் 1913-இல் கொலோடியன் குழாய்களைக் கொண்டு ஒரு கருவியை அமைத்தார்கள். நாயின் ரத்தத்தை அதன் வழியே ஓடவிட்டார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அவர்களுக்குக் கிடைத்தது அட்டையின் உமிழ்நீரில் இருக்கும் ஹிருடின். அந்த ரத்தத்திலிருந்து அவர்கள் பிரித்துக் காட்டிய பொருள்களில் ஒன்று சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரின் குடும்பத்து மருந்து. மனிதருக்கான இயந்திரம் வர இன்னும் 30 ஆண்டுகள் ஆயின. 1943-இல் நெதர்லாந்தின் காம்பன் ஊரில் வில்லெம் கோல்ஃப், சாசேஜ் உறைக்குப் பயன்படும் செலோஃபேன் குழாயைச் சுழலும் உருளையில் சுற்றி முதல் நோயாளிக்கு டயாலிசிஸ் செய்தார். 1945-இல்தான் அவரால் ஒருவரைப் பிழைக்க வைக்க முடிந்தது.

இன்றைய டயலைசர் கையில் பிடிக்கும் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் உருளை. உள்ளே தலைமுடி போல மெல்லிய உள்ளீடற்ற இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இழைக்குள் ரத்தம் ஒரு திசையில் ஓடும்; இழைகளைச் சுற்றி டயாலிசிஸ் திரவம் எதிர்த்திசையில் ஓடும். நடுவில் நுண்துளைகள் கொண்ட சவ்வு. ரத்தத்தில் அதிகமாகவும் திரவத்தில் இல்லாமலும் இருக்கும் சிறிய மூலக்கூறுகள் துளை வழியே அந்தப் பக்கம் நழுவிவிடும். இயந்திரத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. நஞ்சு எது, ஊட்டம் எது, நாங்கள் கொடுத்த முறிமருந்து எது என்று அது பார்ப்பதில்லை. நுழைய முடிந்தது போகும், முடியாதது தங்கும்.

ஆகவே எந்த மருந்தானாலும் முதலில் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறோம். ஒன்று, மூலக்கூறின் பருமன். மனநல மருந்தான லித்தியத்தின் அணு எடை 7, மெத்தனாலின் மூலக்கூறு எடை 32, வலிப்பு மருந்துகளான வால்ப்ரோயேட் 144, பெனோபார்பிட்டால் 232. இவையெல்லாம் தடையின்றிக் கடக்கும். இரண்டாவது, புரதப் பிணைப்பு. ரத்தத்தில் இருக்கும் அல்புமின் புரதத்தின் எடை சுமார் 66,000. அது சவ்வைத் தாண்டாது. மருந்து அல்புமினைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதுவும் தாண்டாது.

மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: மருந்து இப்போது எங்கே இருக்கிறது? ரத்தத்திலா, ரத்தத்தை விட்டுக் கிளம்பி தசைக்கும் கொழுப்புக்கும் இதயத்துக்கும் போய்விட்டதா? இதை அளக்க மருந்தியலில் ‘பரவல் கொள்ளளவு’ என்றொரு எண் இருக்கிறது. உடலில் உள்ள மொத்த மருந்தும் ரத்தத்தில் காணும் அதே அடர்த்தியில் கரைந்திருக்க வேண்டுமென்றால் எத்தனை லிட்டர் தண்ணீர் தேவைப்படும் என்ற கற்பனைக் கணக்கு அது.

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். லித்தியத்தின் பரவல் கொள்ளளவு கிலோவுக்கு சுமார் 0.7 லிட்டர். அப்படியானால் அவர் உடலில் லித்தியம் 42 லிட்டரில் கரைந்திருக்கிறது. ஏறத்தாழ உடலின் மொத்த நீரும் அவ்வளவுதான். இதய மருந்தான டிகாக்சினுக்குக் கிலோவுக்கு சுமார் 7 லிட்டர்; அவர் உடலில் 420 லிட்டர். ஒரு மனிதருக்குள் 420 லிட்டர் எங்கிருந்து வரும்? வராது. டிகாக்சின் ரத்தத்தில் நிற்காமல் திசுக்களுக்குள் போய் ஒட்டிக்கொண்டது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அவருடைய பிளாஸ்மா, அதாவது அணுக்கள் நீங்கலான ரத்தத் திரவம், சுமார் இரண்டரை லிட்டர். 420-இல் இரண்டரை என்றால், உடலில் உள்ள டிகாக்சினில் ஆயிரத்துக்கு ஆறு பங்குதான் பிளாஸ்மாவில் இருக்கிறது. மீதி 994 பங்கும் இயந்திரத்தின் கைக்கு எட்டாத இடத்தில்.

இப்போது இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்போம். நிமிடத்துக்கு 150 மில்லிலிட்டரை முழுமையாகச் சுத்தம் செய்கிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு மணி நேரத்தில் 36 லிட்டர் சுத்தமாகும். லித்தியத்தின் 42 லிட்டரில் 36 லிட்டர். சுத்தமான ரத்தம் சுத்தமாகாததோடு திரும்பத் திரும்பக் கலப்பதால், 36-உம் கழிந்துவிடாது. ஆனாலும் பாதிக்கும் மேற்பட்ட லித்தியம் ஒரே அமர்வில் வெளியேறிவிடும். டிகாக்சினுக்கும் அதே வேகம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 420-இல் 36. நான்கு மணி நேரம் ஓட்டி, நூற்றுக்கு எட்டுப் பங்கைக்கூடச் சிரமப்பட்டுத்தான் எடுத்திருப்போம். அந்த நான்கு மணி நேரத்தில் நோயாளியின் இதயத்தைக் காக்கக்கூடியது டிகாக்சினைத் தேடிப் பிடித்துக் கட்டிவைக்கும் எதிர்ப்புரத ஊசிதான்.

உடல் தானாகவே அந்த மருந்தை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்பதும் இந்தக் கணக்கில் சேரும். கல்லீரல் ஒரு மருந்தைச் சில மணி நேரத்தில் முடித்துவிடுமானால், நாங்கள் கழுத்திலோ தொடையிலோ குழாய் போட்டு இயந்திரத்தைத் தயார்ப்படுத்துவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். லித்தியத்துக்குக் கல்லீரலின் உதவி கிடையாது. சிறுநீரகம் ஒன்றே வழி. நல்ல சிறுநீரகமே நிமிடத்துக்கு 25 மில்லிலிட்டர் அளவில்தான் அதை வெளியேற்றும். அங்கே இயந்திரம் ஐந்தாறு மடங்கு வேகமாக ஓடுகிறது. சிறுநீரகம் பழுதடைந்திருந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது.

எந்த நஞ்சுக்கு இயந்திரம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது நீண்ட காலம் அந்தந்த மருத்துவரின் அனுபவத்துக்கே விடப்பட்டிருந்தது. பல நாடுகளின் சிறுநீரக மருத்துவர்கள், நஞ்சியல் நிபுணர்கள், தீவிர சிகிச்சை மருத்துவர்கள் சேர்ந்து எக்ஸ்ட்ரிப் என்ற குழுவை அமைத்து, கிடைத்த ஆதாரங்களையெல்லாம் திரட்டி, 2012 முதல் ஒவ்வொரு நஞ்சாக வழிகாட்டுதல் வெளியிட்டுவருகிறார்கள். லித்தியத்துக்கு அவர்கள் சொல்வது: சிறுநீரகம் பாதிக்கப்பட்டு ரத்த அளவு லிட்டருக்கு 4 மில்லிமோலைத் தாண்டினால் டயாலிசிஸ் செய்யுங்கள், நினைவு மங்குதல், வலிப்பு, உயிருக்கு ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அளவு எவ்வளவு என்று பார்க்காமலே செய்யுங்கள். ஆதாரம் வலுவாக இல்லாத இடங்களை அவர்கள் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள் என்பதாலேயே அந்த வழிகாட்டுதல்கள் மீது எனக்கு மரியாதை அதிகம்.

புரதப் பிணைப்பில் ஒரு விசித்திரம் உண்டு. வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட், வழக்கமான அளவில் சாப்பிடும்போது நூற்றுக்கு 90 பங்கு அல்புமினோடு ஒட்டியிருக்கும். பாடப்புத்தகத்தை மட்டும் பார்த்தால் ‘இதை டயாலிசிஸ் எடுக்காது’ என்று தோன்றும். ஆனால் அளவு எக்கச்சக்கமாகும்போது அல்புமினில் இடம் நிரம்பிவிடுகிறது. பேருந்தில் இருக்கை எல்லாம் நிறைந்த பிறகு ஏறுகிறவர்கள் நின்றுகொண்டுதானே வர வேண்டும்? அப்படிப் புரதத்தைப் பிடிக்க இடமில்லாமல் திரியும் வால்ப்ரோயேட்தான் மூளைக்குள் நுழைந்து நினைவிழக்கச் செய்கிறது. அதே வால்ப்ரோயேட்தான் டயலைசரின் துளை வழியாக எளிதாக வெளியேறவும் செய்கிறது. நஞ்சு கடுமையாகும்போது அதற்கான சிகிச்சையும் வலுப்பெறுகிற அரிய இடம் இது. ஆஸ்பிரினிலும் இதே கதைதான். அதனால்தான் கடுமையான ஆஸ்பிரின் நச்சில் நோயாளி குழம்பத் தொடங்கினாலோ, ஆக்சிஜன் தேவைப்பட ஆரம்பித்தாலோ, நாங்கள் இயந்திரத்துக்கு ஓடுகிறோம்.

இனி இயந்திரங்களின் வகைகளுக்கு வருவோம். ஐ.சி.யூ.வில் இருக்கும் நோயாளிக்கு 24 மணி நேரமும் மெதுவாக ஓடும் தொடர் டயாலிசிஸ் இயந்திரத்தைப் பலரும் ‘பெரிய மெஷின்’ என்பார்கள். விலையும் செலவும் அதிகம் என்பதால் அது உயர்ந்த சிகிச்சை என்ற எண்ணம் குடும்பங்களுக்கு வந்துவிடுகிறது. மருத்துவர்களிலும் சிலருக்கு உண்டு. ரத்த அழுத்தம் சரிந்து கிடக்கும் நோயாளிக்கு அது பாதுகாப்பானது என்பது உண்மை. ஆனால் நஞ்சை எடுப்பதில் அது ஆமை. வழக்கமாக மணிக்கு, கிலோவுக்கு 25 மில்லிலிட்டர் என்று ஓட்டுவார்கள். 60 கிலோவுக்கு மணிக்கு ஒன்றரை லிட்டர். நிமிடத்துக்கு 25 மில்லிலிட்டர். 24 மணி நேரத்தில் 36 லிட்டர். மேலே பார்த்த சாதாரண டயாலிசிஸ் நான்கு மணி நேரத்தில் செய்த வேலையை இது முடிக்க ஒரு நாள் முழுவதும் ஆகிறது. நஞ்சில் நேரம்தான் மூளை, நேரம்தான் பார்வை. ஆகவே ரத்த அழுத்தம் தாங்குமென்றால், மாவட்ட மருத்துவமனையின் டயாலிசிஸ் வார்டில் இருக்கும் அந்தச் சாதாரண இயந்திரமே முதல் தேர்வு. ‘சின்ன ஆஸ்பத்திரியில் சின்ன மெஷின்தான் இருக்கிறது’ என்று சென்னைக்கு ஐந்து மணி நேரம் ஆம்புலன்ஸில் கொண்டுபோவதால் இழப்பதே அதிகமாக இருக்கும். அழுத்தம் அரைகுறையாக இருப்பவர்களுக்கு, அதே சாதாரண இயந்திரத்தையே வேகம் குறைத்து எட்டு, பத்து மணி நேரம் ஓட்டும் வழியும் உண்டு. நம்மூர் ஐ.சி.யூ.க்களில் அதைத்தான் நிறையச் செய்கிறோம்.

இன்னொரு முறை ஹீமோபெர்ஃப்யூஷன். இதில் சவ்வு வழியே நழுவவிடும் வேலை இல்லை. கரித்துகள்களோ பிசின் மணிகளோ நிரம்பிய ஒரு டப்பாவுக்குள் ரத்தத்தை நேரடியாக ஓடவிட, மருந்து அவற்றில் ஒட்டிக்கொள்ளும். கிரேக்க மருத்துவர் யாட்ஸிடிஸ் 1964-இல் தூக்க மருந்து நச்சுக்கு இதைப் பயன்படுத்திக் காட்டினார். புரதத்தோடு ஒட்டிய மருந்தையும் பிடுங்கி எடுக்கும் என்பது இதன் பலம். ஆனால் கரி சில மணி நேரத்தில் நிரம்பிவிடும், டப்பாவை மாற்ற வேண்டும். ரத்தத் தட்டணுக்களும் கால்சியமும் சர்க்கரையும் அதோடு குறையும். டயலைசர்கள் முன்பைவிடப் பல மடங்கு மேம்பட்டுவிட்ட பிறகு, பெனோபார்பிட்டாலுக்குக்கூட, நம்மூரில் கார்டினால் என்று சொன்னால்தான் தெரியும், டயாலிசிஸே போதுமானது என்ற நிலை வந்துவிட்டது. இருந்தும் பிசின் டப்பாக்கள் இப்போது புதிய பெயர்களில் வந்து, எந்த விஷம் என்றாலும் போடப்படுகின்றன. பூச்சிமருந்து குடித்தவருக்கும் இரண்டு மூன்று டப்பாக்கள். ஒவ்வொன்றும் பல ஆயிரம் ரூபாய். பூச்சிமருந்து நச்சில் பெரும்பாலும் உயிரைக் காப்பாற்றுபவை அட்ரோபின் ஊசியும் நேரத்தில் போட்ட வென்டிலேட்டரும்தான். டப்பா உயிர்பிழைப்பைக் கூட்டுகிறது என்பதற்கு நம்பும்படியான சான்று இல்லை. நகையை அடகு வைத்துக்கொண்டு வந்து நிற்கும் குடும்பத்திடம் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை என்றே நினைக்கிறேன்.

பிளாஸ்மா மாற்று சிகிச்சை வேறு மாதிரியானது. ரத்த அணுக்களை வைத்துக்கொண்டு, பிளாஸ்மாவை மட்டும் பிரித்து எடுத்துவிட்டு, தானமாக வந்த பிளாஸ்மாவைச் செலுத்துவது. “ரத்தத்தையே மாத்திடுங்க” என்று உறவினர் கேட்பதற்கு மிக அருகில் இருப்பது இதுதான். மருந்துகளை வெளியேற்றுவதில் இதன் வேகம் குறைவு. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனி இடம் கிடைத்தது வேறொரு காரணத்தால்: மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட். அது கல்லீரலை அழிக்கும் நஞ்சு; முறிமருந்து கிடையாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், அந்தக் கல்லீரல் செயலிழப்பில் குறைந்த அளவு பிளாஸ்மா மாற்று செய்து கிடைத்த பலன்களை ஆய்விதழ்களில் வெளியிட்டிருக்கிறார்கள். அங்கே நஞ்சைத் துரத்துவது நோக்கமல்ல, அதற்கு நேரம் கடந்திருக்கும். பழுதான கல்லீரல் ரத்தத்தில் கொட்டும் கழிவுகளைக் குறைத்து, ரத்தம் உறைவதற்கான பொருள்களைக் கொடுத்து, கல்லீரல் தானே தேறிவர அவகாசம் வாங்கித் தருவதே வேலை.

மெத்தனாலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மாத்திரை இல்லைதான். ஆனால் ரத்தச் சுத்திகரிப்பு என்ன செய்ய முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நஞ்சு வேறில்லை. நம் ஊரில் நடந்ததும்கூட. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பார்வையைப் பறிகொடுத்தவர்களும் உண்டு.

மெத்தனால் தன்னளவில் பெரிய நஞ்சல்ல; சாதாரண போதைதான் தரும். அதனால்தான் குடித்தவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிடுகிறார். கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றி, அது உடனே ஃபார்மிக் அமிலமாகிறது. சிவப்பெறும்பின் கடியில் இருக்கும் அதே அமிலம். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியை அது அடைத்துவிடுகிறது. முதலில் அடிபடுபவை கண் நரம்பும் மூளையின் உட்பகுதியும். குடித்து 12 மணி முதல் 24 மணி நேரம் கழித்து, “கண்ணு முன்னாடி பனி மூட்டமா இருக்கு” என்று நோயாளி சொல்லும்போது அமிலம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது.

சிகிச்சைக்கு இரண்டு கைகள். ஒரு கை, நொதியை அடைப்பது. ஃபோமெபிசோல் என்ற ஊசி அதைச் செய்யும். கிடைக்காத இடத்தில் மருத்துவத்தரமான எத்தனால் கொடுப்பார்கள். நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால்தான் பிடிக்கும். எத்தனால் இருக்கும்வரை மெத்தனாலைத் தொடாது. ஆனால் அடைத்துவிட்டால் மெத்தனால் எங்கே போகும்? மூச்சு வழியும் சிறுநீர் வழியும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போக முடியும். பாதியாகக் குறையவே இரண்டு நாள் வரை ஆகும். இன்னொரு கை, டயாலிசிஸ். அது மெத்தனாலைப் பாதியாக்க இரண்டரை மணி நேரம் அளவுதான் எடுத்துக்கொள்கிறது. அதைவிட முக்கியமாக, ஏற்கெனவே உருவாகிவிட்ட ஃபார்மிக் அமிலத்தையும் எடுக்கிறது, ரத்தத்தின் புளிப்பையும் சரிசெய்கிறது. இந்த மூன்றையும் ஒருசேரச் செய்ய வேறெதுவும் இல்லை. நினைவிழந்தவர், வலிப்பு வந்தவர், புதிதாகப் பார்வை மங்கியவர், ரத்தத்தின் பி.எச். 7.15-க்குக் கீழே போனவர் ஆகியோருக்கு மெத்தனால் அளவு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் தொடங்க வேண்டும்.

அப்படிப் பார்க்கவும் முடியாது. மெத்தனால் அளவை உடனே சொல்லும் ஆய்வகம் நம் மருத்துவமனைகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இல்லை. எங்களிடம் இருப்பது சோடியம், குளோரைடு, பைகார்பனேட் ஆகிய மூன்று எண்களைக் கூட்டிக் கழித்து, ரத்தத்தில் கணக்கில் வராத அமிலம் எவ்வளவு என்று ஊகிப்பதுதான். அந்தக் கழித்தலில் மிஞ்சும் எண் 24-ஐத் தாண்டினாலே டயாலிசிஸ் தேவை என்கிறது எக்ஸ்ட்ரிப். ஒரு காகிதத்தில் போடக்கூடிய கணக்கு. சாராயச் சாவு நடந்த இரவில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்போது, யாருக்கு முதல் இயந்திரம் என்பதை அந்தக் கணக்குதான் சொல்லும். ஒவ்வொருவருக்கும் எட்டு மணி நேரம் வரை ஒரு இயந்திரம் வேண்டும். அன்றைக்கு வழக்கமான டயாலிசிஸுக்கு வர வேண்டிய சிறுநீரக நோயாளிகளும் வரிசையில் இருப்பார்கள். இயந்திரம் காலியாகும்வரை மற்றவர்களைப் பாதுகாப்பது அந்த முதல் கை: எத்தனாலோ ஃபோமெபிசோலோ. ஒரு கை மட்டும் இருக்கும் மருத்துவமனை, இன்னொரு கை இருக்கும் இடத்துக்கு அனுப்புவதற்கு முன் தன் கையிலிருப்பதைக் கொடுத்து அனுப்பினாலே பல கண்கள் பிழைக்கும்.

இயந்திரம் உதவாத மருந்துகளுக்கு வருகிறேன். மன அழுத்தத்துக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் ஆகிய இரண்டும் புரதத்தோடு 90 விழுக்காட்டுக்கு மேல் ஒட்டியவை, திசுக்களுக்குள் பரந்து கிடப்பவை. கிலோவுக்கு 20 லிட்டர் அளவிலான பரவல். டயாலிசிஸ் இங்கே வேலை செய்யாது என்பதோடு, விழுந்து கிடக்கும் ரத்த அழுத்தத்தை இன்னும் கீழே தள்ளும். அமிட்ரிப்டிலினுக்கு சோடியம் பைகார்பனேட் ஊசி. அம்லோடிபினுக்கு கால்சியம், ரத்த அழுத்தத்தைத் தூக்கும் மருந்துகள், சர்க்கரையோடு சேர்த்து மிக அதிக அளவில் இன்சுலின். நீரிழிவே இல்லாதவருக்கு எதற்கு இன்சுலின் என்று உறவினர்கள் பதறுவார்கள். தளர்ந்த இதயத் தசைக்கு அது எரிபொருள் ஊட்டுகிறது. எதற்கும் மசியாவிட்டால், வசதியுள்ள இடங்களில் எக்மோ. அதுவும் உடலுக்கு வெளியே ரத்தத்தை ஓட்டும் இயந்திரம்தான், ஆனால் நஞ்சை எடுப்பதில்லை; கல்லீரல் தன் வேலையை முடிக்கும்வரை இதயத்தின் இடத்தில் நின்று ரத்தத்தை ஓட்டுகிறது.

பாராசிட்டமால் இன்னொரு வகை. அதை இயந்திரம் எடுக்கும். ஆனால் அசிட்டைல் சிஸ்டீன் என்ற மலிவான, மிக நல்ல முறிமருந்து இருக்கையில் இயந்திரத்துக்கு அவசியம் இல்லை. முதல் எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரல் பெரும்பாலும் தப்பிவிடும். சாப்பிட்டவர் முதல் நாள் எழுந்து உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுவார். கல்லீரல் வாடுவது அதற்குப் பிறகுதான். ‘நல்லாத்தான் இருக்கான்’ என்று அழைத்துப்போய்விடுகிற குடும்பங்களைத் தடுத்து நிறுத்துவதே இங்கே பெரிய சிகிச்சை. மிக அரிதாக, ரத்த அளவு எல்லை கடந்து, முதல் சில மணி நேரத்திலேயே நினைவிழப்பும் அமிலத்தன்மையும் வந்தவர்களுக்கு மட்டும் டயாலிசிஸ் சேர்க்கிறோம்.

அப்படிச் சேர்க்கும்போது மறக்கக் கூடாத ஒன்று உண்டு. இயந்திரம் அசிட்டைல் சிஸ்டீனையும் இழுத்துவிடும். மெத்தனால் நோயாளிக்கு ஓடிக்கொண்டிருக்கும் எத்தனாலையும் இழுத்துவிடும். ஆகவே டயாலிசிஸ் ஓடும் மணி நேரங்களில் முறிமருந்தின் அளவைக் கூட்ட வேண்டும். டயாலிசிஸ் திரவமும் அப்படித்தான்: சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக் கிடக்கும் என்பதால் வழக்கமான திரவத்தில் அதைக் குறைவாக வைத்திருப்பார்கள். மாத்திரை சாப்பிட்ட இருபது வயதுப் பெண்ணுக்குச் சிறுநீரகம் நன்றாகவே இருக்கிறது. அவளுக்கு அதே திரவத்தை எட்டு மணி நேரம் ஓட்டினால் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் சரிந்து, நஞ்சு செய்யாததை நாங்கள் செய்துவிடுவோம். இயந்திரத்தைத் தயார் செய்யும் டெக்னீஷியனிடம், “இது கிட்னி பேஷண்ட் இல்லை, பொட்டாசியம் நாலு வச்சுக்கோங்க” என்று சொல்வது என் வழக்கம்.

இத்தனை கணக்குக்கும் அடியில் ஒரு தகவல் வேண்டும்: எந்த மருந்து? அதைத் தரக்கூடியது குப்பையில் கிடக்கும் மாத்திரை அட்டைதான். அது பெரும்பாலும் வருவதில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம். ‘வயித்து வலி டாக்டர்’, ‘மயங்கி விழுந்துட்டா’ என்றுதான் முதல் ஒரு மணி நேரம் போகும். நான் உறவினர்களைத் தனியே அழைத்துச் சொல்வது இது: ஏ.ஆர். என்ட்ரி, அதாவது விபத்துப் பதிவேட்டில் குறிப்பு, போடுவது மருத்துவமனையின் சட்டக் கடமை, அது நடக்கும். ஆனால் உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே சட்டம் கருதுகிறது, தண்டிப்பதில்லை. 2017-இன் மனநலச் சட்டம் 115-ஆம் பிரிவில் அதைச் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவில் இருந்த தற்கொலை முயற்சிக் குற்றம் அப்படியே இடம்பெறவும் இல்லை. இதைக் கேட்ட பிறகு, பல முறை, யாராவது ஒருவர் மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து கசங்கிய அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறார்.

லித்தியத்தில் அட்டை இருந்தும் தவறிவிடுவது உண்டு, ஏனென்றால் அங்கே பலரும் அதிகமாக எதையும் விழுங்கியிருக்க மாட்டார்கள். வருஷக்கணக்காக அதே மாத்திரை, அதே அளவு. சித்திரை வெயிலில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அல்லது மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக். அல்லது ரத்த அழுத்தத்துக்குப் புதிதாகச் சேர்த்த ஒரு மாத்திரை. சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். கை நடுங்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். ‘பழைய மனநோய்தான் திரும்பிவிட்டது’ என்று வீட்டில் நினைப்பார்கள். நாள்கணக்கில் இப்படி ஊறிய லித்தியம் மூளைக்குள் ஆழமாகப் போயிருக்கும். தாமதமானால் சிறுமூளையில் நிரந்தரச் சேதம்கூட நேரலாம்.

இவர்களுக்கு இயந்திரத்தை நிறுத்தும் நேரம் தந்திரமானது. நான்கைந்து மணி நேரத்தில் ரத்த அளவு 1-ஐ நெருங்கிவிடும். ரிப்போர்ட்டைப் பார்த்துக் குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விடும். கோடையில் கிணற்றை இறைத்தவர்களுக்குத் தெரியும், தரை தெரியுமளவுக்கு இறைத்துவிட்டு வந்தால் விடிவதற்குள் ஊற்று சுரந்து தண்ணீர் ஏறி நிற்கும். செல்களுக்குள் இருக்கும் லித்தியம் காலியான ரத்தத்துக்கு மெல்ல ஊறி வரும். அளவு மறுபடி 2 ஆகலாம். புதிதாக நஞ்சு எதுவும் சேரவில்லை. உள்ளே ஒளிந்திருந்தது கைக்கு எட்டும் இடத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவே. எனவே 12 மணி நேரத்துக்குத் திரும்பத் திரும்ப அளவெடுத்து, தேவைப்பட்டால் இரண்டாவது அமர்வு, மூன்றாவது அமர்வு. “நேத்தே சரியாயிடுச்சுன்னு சொன்னீங்களே” என்று கேட்கும் மகளுக்கு அந்தக் கிணற்றைத்தான் சொல்கிறேன்.

எண் இறங்கிய அன்றே நோயாளி தெளிந்துவிடுவதும் இல்லை. ரத்தம் சுத்தமாகி இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கண்கள் ஆளை அடையாளம் கண்டு நிற்கும். டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் சிந்தாமல் வாய்க்குப் போகும். அன்றைக்குத் தொடையிலிருக்கும் டயாலிசிஸ் குழாயை, அதாவது கதீட்டரை, கழற்றுவோம். கழற்றிய இடத்தைப் பஞ்சு வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்திக்கொண்டிருக்கும்போதே பெயர், ஊர், பிள்ளைகள் என்று நர்ஸ் பேச்சுக் கொடுப்பார். கட்டுப் போட்டு முடித்த பிறகு, மனநல மருத்துவர் வந்து கட்டிலுக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்.